கூடம் எத்தனை பாகை

பின்லாந்தில் மின்விநியோக நிறுவனங்கள் எழுபத்தேழு
என் திரையில் ஆளுக்கொரு வரிசை:
செலவு, கம்பியின் நீளம், இணைப்புகள், இருட்டில் கழிந்த மணிகள்.
எல்லோருக்கும் அடியில் ஒரு கோடு.
அதற்குக் கீழே செலவைக் கொண்டுபோக
எவராலும் முடியாதாம்.
கோட்டைக் கண்டவர் யாருமில்லை.
அதிலிருந்து யார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளம்.

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பார்.
கூடம் எத்தனை பாகை கோணல் என்று
அளக்கவேண்டியவள் நான்.

விலகலை இரண்டாகப் பிளக்கிறேன்.
ஒரு பாதி இரு பக்கமும் ஆடும்:
காற்று, பனி, யாரோ ஒன்று என்று படித்த ஏழு.
மறுபாதி ஒரே பக்கம்தான் சாயும்.
கணக்கில் அது வெறும் ஓர் எழுத்து,
கடிதத்தில் போய்ச் சேர்ந்தால் வசை.

தரவைத் திறக்குமுன்
என்ன நம்புகிறாய், எழுதிவை என்கிறது முறை.
எழுதினேன்:
பெரும்பாலோர் ஓரளவு ஒழுங்காகவே நடத்துகிறார்கள்.
மேலாளர் எஸ்கோ சிரித்தார்,
"இது கணிதமா, கருணையா?"
பந்தயம், என்றேன்.
எவ்வளவு கட்டினேன் என்பது கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இரவெல்லாம் நான்கு சங்கிலிகள் அலைந்தன,
நாலு மூலையில் அவிழ்த்துவிட்ட நாய்கள்.
விடியும்போது நான்கும் ஒரே எலும்பருகே.
நாற்பத்து மூன்றாம் எண்: 0.61.
கடைசிக்கு முந்தைய இடம்.

கைனு காட்டுக்குள்ளிருந்து தைஸ்தோ ப்யூக்கனென் எழுதினார்:
"எங்கள் ஸ்ப்ரூஸ் மரங்கள் ஜனவரியில் டன் கணக்கில் பனி சுமக்கின்றன.
சில, கம்பிமேல் சாய்ந்து இளைப்பாறுகின்றன.
பதினோரு கிலோமீட்டர் கம்பி
ஒரே ஒரு வீட்டுக்குப் போகிறது.
அங்கே ஒரு பெண்மணிக்காக
ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.
அந்த வீட்டை எந்தப் பத்தியில் போட்டீர்கள்?"

இணைப்புகள் பத்தியில்.
ஒன்று என்று.

காட்டைச் சேர்த்தேன். பனியின் எடையைச் சேர்த்தேன்.
நாய்களை மறுபடி அவிழ்த்தேன்.
0.61 எழுந்து 0.78 ஆனது,
ஐயமும் கூடவே கால் நீட்டிப் படுத்தது:
0.63இலிருந்து 0.92 வரை.
கூடம் கோணல்தான்.
ஆனால் 2009இல் வாங்கிய எட்டு மின்மாற்றிகள்
பெட்டி பிரியாமல் கிடங்கில் நிற்கின்றன.
பனி என்ன செய்யும் அதற்கு?

ஆணைப் படிவத்தில் ஒரே கட்டம்.
இரண்டு தசமம் கொள்ளும். அகலம் கொள்ளாது.

தொலைபேசியில் கேட்டார்:
"நான் சோம்பேறியா, துரதிர்ஷ்டக்காரனா?
ஏதாவது ஒன்று சொல்லுங்கள்."
தெரியாது, என்றேன்.
எவ்வளவு தெரியாது என்பது மட்டும்
துல்லியமாகத் தெரியும்.

மறுமுனையில் கையுறை மாட்டும் சத்தம்.
"சரி, பிறகு பேசுவோம்.
அந்த எட்டில் ஒன்றை இப்போது பிரிக்கிறோம்.
ஒரு மரம் இளைப்பாறிவிட்டது."

ஹெல்சிங்கியில், ஏழாம் தளத்தில்,
என் மேசை விளக்கு
ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.