நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில்
பழைய பாடப்புத்தகச் சந்தை.
காப்பி ஒரு டாலர்.
கிளெண்டா தன் மேசைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்:
"எழுத மாட்டேன்கிற பையனுக்குத்தானே? இதைப் பார்."
எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.
மூன்றாவது வருடமாக வருகிறேன்.
முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.
அங்கேயாவது எழுதியிருக்கட்டும்.

முதல் வருடத்துப் புத்தகம்
கட்டுரையை ஒரு பர்கராக வரைந்து காட்டியது.
மேல் ரொட்டி முன்னுரை, கீழ் ரொட்டி முடிவுரை,
நடுவில் கறித்துண்டு மூன்று.
ஹால்வர் பதினேழாம் பக்கம் வரை தின்றான்.

அடுத்த வருடத்துப் புத்தகம்
தினம் பத்து நிமிடம்
கை நிற்காமல் எழுதச் சொன்னது.
கை நிற்கவில்லை.
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை
நாற்பத்தொரு முறை. எண்ணினேன்.
முப்பதாவதற்கு மேல்
கையெழுத்து கொஞ்சம் அழகாகக்கூட ஆகியிருந்தது.

பிடித்த பருவத்தை வருணிக்கச் சொன்னேன்,
அரைப்பக்கம், நானே கேட்டது.
"குளிர்காலம். ஏன் என்று கேட்காதே. ஜன்னலைப் பார்."
சிவப்புப் பேனாவும் கையுமாக
ஜன்னலைப் பார்த்தேன்.
வடக்கு டகோட்டாவில் ஜனவரி.
வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கட்டிய கயிறு
பாதி தூரம் தெரிந்தது,
அப்புறம் தெரியவில்லை.
பேனாவை மூடினேன்.
மதிப்பெண் இன்றுவரை போடவில்லை.

"பேசுகிறான் இல்லையா, விடேன்" என்கிறான் மெர்ல்.
பீட்ரூட் லாரி ஓட்டுகிறவனுக்கு
எல்லாச் சாலையும் நேர்தான்.
பதினாறு வயதுக்கு
இன்னும் ஏழு மாதம்.
பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டவள் நான்.
பதில் சொல்ல வேண்டியவளும்.

கிளெண்டா காட்டியதை வாங்கவில்லை.
ராத்திரி, எல்லோரும் மெச்சுகிற
வீடியோ பாடத்தைத் திறந்தேன்.
நூற்றெண்பது டாலர்.
பிடிக்காவிட்டால் முப்பது நாளில் திருப்பலாம்.
பணம் கட்டுமுன் ஒரு பெட்டி:
உங்கள் பிள்ளை ஏன் எழுதத் தயங்குகிறார்?
நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.

"என் மகன்" என்று அடித்தேன். அழித்தேன்.
"ஹால்வர் நல்ல" என்று அடித்தேன்.
நல்ல என்ன?
எழுந்துபோய் ஒரு பாத்திரம் கழுவினேன்.
நாளைக்குக் காற்று எவ்வளவு என்று பார்த்தேன்.
கணினியில் எழுதுகிறவள்
பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் வாசனை முதலில் வந்தது,
பிறகு அவன்.
"தபால்தலை இருக்கா?"
ஒட்டாத உறை. உள்ளே
பனிவண்டிப் பாகம் விற்கும் கம்பெனிக்கு
ஒரு முழுப்பக்கம்:

"நான் கேட்டது வலது கார்புரேட்டர்.
நீங்கள் அனுப்பியது இடது.
பெட்டியின் மேல் வலது என்றே இருக்கிறது,
அதனால் பெட்டியோடு எனக்குச் சண்டை இல்லை.
ஏரி ஏப்ரலில் உருகிவிடும்.
உங்களுக்கு அவசரமில்லை என்று தெரிகிறது.
ஏரிக்கு உண்டு."

சிவப்புப் பேனாவை என் கை தேடியது.
பிழையில்லாத நீளமான சொல்
கார்புரேட்டர் ஒன்றுதான்.
உறையின் பசையை நாக்கில் தொட்டு ஒட்டினேன்.
தபால்தலை கொஞ்சம் கோணல்.

போகிற போக்கில் திரையைப் பார்த்தான்.
"இன்னும் ஒண்ணும் எழுதலையா?"
கேலி இல்லை அதில்.
இருந்திருந்தால் பரவாயில்லை.
கதவு சாத்தும் சத்தம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு
கொட்டகைக்குப் போயிருப்பான்.

பெட்டிக்குள் கோடு
மினுக்கி மினுக்கி நின்றது.
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை
என்று அடித்தேன்.
கீழே சின்ன எழுத்தில் கணக்கு வந்தது:
மீதம் நூற்று நாற்பத்தேழு.