பக்கவாட்டு ஒளி

மின்வெட்டுப் பட்டியலைப் பார்த்துத்தான்
டர்பனில் என் நாள் விடிகிறது.
நான்கு முதல் ஆறு வரை எங்கள் பகுதி.
அதற்குள் பதினாறு பேட்டரிகளை ஏற்ற வேண்டும்.
காலையில் டோங்காட்டில் விற்பனைக்கு ஒரு வீடு:
ஆறு அறை, நீச்சல் குளம், குளத்தில் ஒரு தவளை.
தவளையைப் படத்திலிருந்து எடுத்துவிடு என்றார் தரகர்.
அதற்குத் தனிக் கட்டணம் என்றேன்.

ஏசி வண்டியை விட்டு இறங்கியதும்
கடல் ஈரம் லென்ஸில் படரும்.
இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.
என் தொழிலில் பாதி
சும்மா நிற்பதுபோல் நிற்பது.

விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால்
ஒளி நாலில் ஒன்றாகும்.
முகூர்த்தம், ராகுகாலம், மாமனார் கோபம்
எதற்கும் அசையாத கணக்கு.

மணப்பெண் என்றால் பெரிய சாஃப்ட்பாக்ஸ்,
முகத்துக்கு நேரே, சற்று உயரத்தில்.
மடிக்கு மேலே வெள்ளைத் தகடு,
லுங்கெலோ குந்தி உட்கார்ந்து பிடிப்பான்.
பெரிய விளக்கு கிட்டே வந்தால்
தோல் பேச்சை நிறுத்திக்கொள்ளும்.
அம்மை வடு, தூங்காத இரவு,
காலையில் அழுதது, எல்லாம் அமுங்கும்.

கொஞ்சம் சிவப்பாக் காட்டுங்க தம்பி
என்பார்கள் அத்தைமார்.
தலையாட்டுவேன், செய்ய மாட்டேன்.
கறுத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கொட்டக் கூடாது,
பளபளப்பைத் தேட வேண்டும்:
கன்ன எலும்பில், தோள் வளைவில்
ஒளி வந்து உட்காரும் இடம்.

சலோஷ்னியை அப்படித்தான் எடுத்தேன்.
சாட்ஸ்வர்த் மண்டபம், எழுநூறு பேர்,
நாற்பது பக்க ஆல்பம்.
மூவாயிரம் ராண்ட் இன்னும் பாக்கி.

நேற்று அவள் வந்தபோது
பாக்கி கொடுக்க என்றுதான் நினைத்தேன்.
தங்கை வெளியே வண்டியில் இருந்தாள்.
கதவைச் சாத்திவிட்டு
ரவிக்கைக் கையை மேலே மடக்கினாள்.
வெருலம் கோர்ட்டுக்கு வேணும் அண்ணா.
போன்ல எடுத்தேன், ஒண்ணுமே தெரியலை.

தெரியாது.
நேரே அடிக்கும் ஃப்ளாஷ்
எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
எங்கள் நிறத்தில் கன்றிய ரத்தம்
நிறத்துக்குள் நிறமாய்ப் பதுங்கும்.

சாஃப்ட்பாக்ஸைக் கழற்றினேன்.
ஒரே ஒரு சின்ன விளக்கு,
தோலை உரசிக்கொண்டு போகும்படி பக்கவாட்டில்.
எதிர்ப்புறம் கறுப்புத் துணி,
நிழலில் வேறு ஒளி கசியாதிருக்க.
அதைப் பிடித்தபடி லுங்கெலோ
சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.
விளக்குக்கு ஒரு போலரைசர், லென்ஸுக்கு ஒன்று,
குறுக்காகத் திருப்பியதும்
நான் காலமெல்லாம் தேடிய பளபளப்பு செத்தது.
அடியிலிருந்து ஊதா ஏறி வந்தது.
நான்கு விரல்.
தள்ளி, ஒரு கட்டைவிரல்.

அளவுகோல் வைத்தேன், நிற அட்டை வைத்தேன்.
தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா என்று
பழக்கத்தில் வாய் போனது, அடக்கினேன்.

ஏழாவது படத்தில் கரண்டு போயிற்று.
பேட்டரி இருக்கிறது என்றேன்.
அன்னிக்கும் போச்சே, என்றாள்,
தாலி கட்டும்போது.
உங்க விளக்கு மட்டும்தான் எரிஞ்சுது.

பில்லில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
படம், பதினொன்று, என்று மட்டும் எழுதி
தொகை இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

இரவு அவள் கல்யாணக் கோப்பைத் திறந்தேன்.
திருத்திய படங்களை அல்ல, மூலத்தை.
மூலத்தை நான் அழிப்பதில்லை.
தாலி ஏறுவதற்கு முன், மணி பத்து நாற்பது,
வலது முழங்கைக்கு மேலே
மங்கலாய் ஒரு தடம்.
வங்கி அழுத்தியது என்று
அன்று நானே துடைத்த தடம்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
நேரே, மென்மையாக, சற்று உயரத்திலிருந்து
நான் வைத்த வெளிச்சம்.
அதில் அது வங்கியா விரலா என்று
எனக்கே தெரியவில்லை.