மேற்படி

பெயர், வயசு, ஊர். அப்புறம் காயம்.
கடைசிக் கட்டம்: எப்படி.

நான் இந்த வார்டுக்கு வந்த வருசம்
அந்தக் கட்டத்தில் ஏதேதோ இருக்கும்.
கிணத்துப்படி வழுக்கி.
தறிநாடா இழுத்து.
தென்னையிலிருந்து.
பங்காளியின் மண்வெட்டி.
மாடு முட்டியவர் ஒருத்தர்,
விலா ரெண்டு உடைந்த வலியிலும்
'காங்கேயம் காளைன்னு சேர்த்து எழுதுங்க சிஸ்டர்' என்றார்.

இப்போது பக்கத்தின் தலையில் ஒருதரம்
இருசக்கர வாகனம் என்று எழுதிவிட்டால்
விடியும்வரை போதும்.
கீழே வரிக்கு வரி ரெண்டு சின்னக் கோடு.
போன ஐப்பசியில் நாலு பக்கம்,
இந்த ஐப்பசியில் ஏழு.
பேனா மை மிச்சம்.

நேற்று ராத்திரி ரெண்டேகால்.
பல்லடம் ரோட்டிலிருந்து நூத்தியெட்டு ஒருவனை இறக்கியது.
புது டாக்டர், நாகர்கோவில் பிள்ளை,
அவன் கையை விளக்கில் தூக்கிப் பார்த்துப் பதறிவிட்டார்.
பத்து நகமும் நீலம்.
'சாயப்பட்டறைங்க டாக்டர்' என்றேன்,
'இந்த ஊரில் உதட்டைப் பார்க்கணும்.'
உதடு நல்ல சிவப்பு.
வலது கால்தான்
அவனுடையதில்லை என்பதுபோல்
வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

பனியனைக் கத்தரித்தேன்.
ஏற்றுமதியில் கழித்த சரக்கு,
நெஞ்சில் ஏதோ குளிர்தேசத்துக் குழுவின் பெயர்,
ஓர் எழுத்து மட்டும் திரும்பி நின்றது.

ஹெல்மெட் இருந்ததா?
'இருந்துச்சுங்க' என்றான் பின்னால் உட்கார்ந்து வந்தவன்,
முழங்கை தோலுரிந்து, அதை இன்னும் கவனிக்காமல்.
கையிலேயே வைத்திருந்தான்.
ஒரு கீறல் இல்லை.
உள்ளே நாலு பரோட்டா, ஒரு பை சால்னா.
சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

நாலரைக்கு அப்பன் வந்தார், சென்னியப்பன்.
சேவூரிலிருந்து இரவல் வண்டியில்,
உருமால் பனியில் நனைந்து.
'பொழைச்சுக்குவானுங்களா?'
பொழைச்சுக்குவான். காலுக்கு நாளாகும்.
தலையாட்டினார். போகவில்லை.
சுவரைப் பார்த்து, குரலை இறக்கி,
'வண்டி எப்படிங்க இருக்குது?' என்றார்.
'இன்னம் பதினாலு தவணை கெடக்குதுங்க.'

எனக்குத் தெரியாது என்றேன்.
வண்டிக்கு எங்களிடம் கட்டம் இல்லை.

தரணீஷ், பத்தொன்பது, சேவூர்.
கோடு போடக் கை போனது.
போடாமல் எழுதினேன்:
பல்லடம் ரோடு, நாய் குறுக்கே,
பன்னிரண்டு மணிநேர வேலை முடிந்து
சாப்பாடு வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பும்போது.
கட்டம் போதாமல் பக்கத்து வரியில் இறங்கியது.
அந்த வரிக்கு உரியவன்
அஞ்சேமுக்காலுக்கு வந்தான்.
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.
மேற்படி.

எட்டுக்கு டூட்டி முடிந்தது.
என் ஹெல்மெட்டின் கொக்கி ஆடியில் உடைந்தது.
பட்டையை முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுகிறேன்,
இன்றைக்கு முடிச்சும் பிடிக்கவில்லை.
கடை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும்.
வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

வண்டியை எடுத்தேன்.