ஆறாவது துளை

சேடபட்டி தாண்டிப் பருத்திக்காட்டு நடுவில் ஒற்றை வீடு.
"மரத்தையும் ஓட்டையும் எடுத்துக்க, சுவரை விட்டுரு,
அந்த மண்ணு வயலுக்கு வேணும்" என்றாள் ஒச்சம்மாள்.
செல்லூரிலிருந்து டேப்பும் வடமுமாகப் போயிருந்தேன்.

முதலில் மோந்து பார்ப்பேன், அது என் பழக்கம்.
நாட்டு ஓட்டுக்கடியில் எலிப்புழுக்கை, பஞ்சுத் தூசி.
அடுப்படிக்கு மேலே புகை குடித்த மரம்
கரையானுக்குப் பிடிக்கவில்லை;
நகத்தால் கீறினேன், நகம்தான் உடைந்தது.

கைமரம் இருபத்திரண்டு, அத்தனையும் பனை.
சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்.
பத்தொன்பது வைரம்.
"மூணுல சோறு இருக்கு, கழிவு போகும்" என்றேன்.
"சோறு போட்ட வீடுதானே" என்றாள்
சிரிக்காமல்.

ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மர முளை.
வந்த வழியே தட்டினால்தான் கழலும்.
அவசரப்பட்டால் பொருத்து பிளக்கும்,
பிளந்தால் விறகு விலை.
மாயனிடம் இதை மூன்று முறை சொன்னேன்,
இரண்டு தூண் போச்சு.

வேப்ப விட்டத்தை வடம் போட்டு இறக்கி
வெயிலில் புரட்டினோம்.
சுண்ணாம்பு அடைத்த துளைகள், ஐந்து.
சதுரம், பிசிறில்லாத உளி.
இந்த வீட்டில் எந்தத் தூணும் அந்த இடத்தில் நிற்கவில்லை.
பக்கத்திலேயே வெட்டுக்கோடுகள்:
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
நாலைக் காணோம்.
எவனோ எந்த ஊரிலோ பிரிக்கும்போது
திரும்பக் கோக்கப் போட்ட கணக்கு.
வெள்ளமோ, பாகமோ, கடனோ.
அங்கேயும் ஒருத்தன் மோந்து பார்த்திருப்பான்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
சுண்ணாம்பைப் பெயர்த்து விரலை விட்டாள்.
உமி வந்தது.
உள்ளங்கையில் தேய்த்து, ஊதி,
"வரகு" என்றாள். "எங்க காட்டுல
வரகு வெதைச்சதே இல்ல."

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்தாள்.
"அப்ப எங்க மாமனாரும்
ஒன்னைய மாதிரி ஒரு ஆளுகிட்டதான் வாங்கிருக்காரு.
எவ்வளவுக்கு ஏமாந்தாரோ!
ரெண்டு வீடு தாங்குன மரம்யா,
கன அடிக்கு நூறு கூடப் போடு."

எழுபது போட்டேன்.
துளைகளைக் கழிக்கவில்லை.

விட்டம் கொடைரோட்டில் ஒரு காபிக்கடைக்குப் போகிறது.
விளக்கு தொங்கவிட நடுவில் ஒரு துளை கேட்டார்கள்.
டிரில் போட்டேன்.
வட்டம். அரை நிமிட வேலை.
உதட்டில் படிந்த தூள்
இன்னும் கசந்தது.