புழுக்கை பொறுக்குகிறவள்

காலை ஐந்தே முக்கால்.
கோட்டை வாசலில் சிப்பாய் என் பையைத் திறக்கிறான்.
ஐஸ் பெட்டி, கையுறை, இலக்கம் எழுதிய நாற்பது குப்பி.
"இது என்ன மிஸ்?"
மான் புழுக்கை.
முதல் கிழமை சிரித்தான்.
இரண்டாம் கிழமை மணந்து பார்த்தான்.
இப்போது அவனே சொல்கிறான், அரைத் தமிழில்:
"காது கிழிஞ்ச அம்மா, அந்தப் பக்கம், ஆலமரம் கீழ."

அவள் என் கொப்பியில் பதினேழு.
வயிறு கனத்த நாளிலிருந்து பின்னால் திரிந்தேன்.
இரவில் பஸ் நிலையத்தில்
குழம்பு மணக்கும் சாப்பாட்டுத் தாளை மென்றாள்.
ஆட்டோ ஹோர்ன். கோவில் வெடி.
மீன் சந்தையிலிருந்து வரும் நான்கு நாய்கள்.
புல்லுக்குக் குனிந்த தலை
பாதி வழியில் திரும்பி மேலே வரும்.
ஒரு மணித்தியாலத்தில் அறுபத்தொரு தடவை.
எண்ணி எண்ணி எனக்கே கழுத்து வலித்தது.

பயந்தேன் என்று அவள் சொல்லத் தேவையில்லை.
பயம் இரத்தத்தில் ஓடும்,
ஈரலில் உடையும், குடலில் இறங்கும்,
கறுத்த உருண்டையாய்ப் புல்லில் விழும்.
சூடு ஆறுமுன் எடுத்து, கந்தளாய் வழியே
பேராதனை பஸ்ஸில் ஏற்றிவிட்டால்
யாரோ ஒருவர் வாசித்துச் சொல்வார்.

நஞ்சுக்கொடி என்று யார் பெயர் வைத்தார்களோ.
அங்கேயும் ஒரு சோதனைச்சாவடி.
ஒரு நொதியம், நித்திரையே கொள்ளாமல்,
தாயின் கோர்ட்டிசோலை மறித்துப்
பல்லைப் பிடுங்கித்தான் உள்ளே விடும்.
பெரும்பாலும் அப்படித்தான்.
கூட்டம் மிஞ்சினால்
எந்த வாசலும் வெறும் வாசல்தான்.
பல்லோடு நுழைந்தது
இன்னும் கண் திறக்காத ஒன்றின் காதில் சொல்லும்:
வெளியே நாய் உண்டு.
காலை முதலில் கட்டு, காதைக் கூர்மையாக்கு.
புழுவோடு சண்டை பிடிப்பதைப்
பிறகு பார்க்கலாம்.

பொய் சொல்லவில்லை அது.
நாய் இருந்தது.

ஆனி மாதம் குட்டி விழுந்தது.
இலை விழுந்தால் எழும்பும்,
எழும்பினால் நெடுநேரம் படுக்காது.
நுணுக்குக்காட்டியின் கீழ்
அதன் ஒரு கிராமில் எண்ணூற்றைம்பது புழுமுட்டை.
மலைச்சரிவில், கடல் பார்த்து மேய்பவளின் குட்டிக்கு
இருநூறு.
அழகான வரைபு வந்திருக்கும்,
இருபத்துமூன்று இல்லாவிட்டால்.
அதன் தாயை பஸ் தட்டி, சினைக்காலம் முழுக்க நொண்டினாள்.
அதுவோ உருண்டு திரண்டு, சுத்தமான குடலோடு,
என் சப்பாத்து நூலைக் கடிக்கிறது.
பேராசிரியர் அதை விலகல் என்கிறார்.
நான், விதிமுறைக்கு மாறாக,
அதற்கு ஒரு கதலிப்பழம் கொடுத்தேன்.

ஒரு நாள் பையைத் திறக்காமல் நின்றான் சிப்பாய்.
சட்டையில் பெயர்: பிரசங்க.
மனைவி ஹிங்குராக்கொடையில், ஏழாம் மாதம்.
"நான் போன்ல சத்தம் போட்டது. நிறைய நாள்.
பேபிக்கும் இப்பிடி வருமா மிஸ்?"
எனக்கு மான்தான் தெரியும் என்றேன்.
அது உண்மை. போதாத உண்மை.

கதவு காற்றில் அடிபட்டால்
வீட்டில் முதலில் எழும்புவது நான்.
என்னைச் சுமந்துகொண்டு
எந்த மாதத்தில் எந்தக் காட்டுக்குள் ஓடினாய் என்று
அம்மாவைக் கேட்டதில்லை.
கேட்டால் அவள்
தன்னைக் குற்றவாளியாக எழுதிக்கொள்வாள்,
ஷெல் அடித்தவனை விட்டுவிட்டு.

"இன்றைக்குச் சத்தம் போடாதீர்கள்" என்றேன் கடைசியில்.
"நாளைக்கும்."
தலையாட்டினான்.
ஹோர்ன் அடித்து வந்த யாத்திரை பஸ்ஸை
இரண்டு கையாலும் மறித்து,
விரலை உதட்டில் வைத்தான்.
சாரதி கெட்ட வார்த்தை சொன்னான், மெதுவாக.

ஆலமரத்தடியில் பதினேழு தலையைத் தூக்கினாள்.
பஸ்ஸைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.
இரண்டையும் நம்பவில்லை.
பிறகு வாலைத் தூக்கி,
எனக்கு வேண்டியதைப் போட்டுவிட்டு
நடந்தாள்.