நான்கு நொடி

தை செங். அதிகாலை மூன்று,
அல்லது மூன்று மணி நான்கு நொடி.
சிக்கலே அதுதான்.

மூன்று லினக்ஸ் பெட்டிகளில்
நாற்பது பேர் ஒண்டுக்குடித்தனம்.
குவெக்கின் கணக்கு, தொடங்குமுன்பே முடிந்திருக்கிறது.
நஸ்ரீனின் கோப்பு
இன்னும் வராத நொடியில் பிறந்திருக்கிறது.
பதிவேட்டில் முதலில் கதவு திறக்கிறது,
அப்புறம்தான் யாரோ தட்டுகிறார்கள்.

"ரூட் கொடுங்க, ஒரே கட்டளை, தள்ளி வெச்சிடறேன்"
போனில் இமயவன், பாதித் தூக்கத்தில்.
கொடுக்கவில்லை.
நேரத்தைத் தொடும் உரிமை இங்கே
ஒரே ஒரு நிரலுக்கு.
அதற்கும் வேறு எதுவும் கிடையாது.
முள்ளைப் பிடிக்க ஒரு விரல்,
அவ்வளவுதான்.

அது சந்தேகப் பிராணி.
நான்கு இடத்தில் மணி கேட்கும்,
கையெழுத்தில்லாத பதிலைக் காதில் வாங்காது.
ஐந்து நாளாக ஒருவரும் பதில் சொல்லவில்லை;
தன் படிகத்தின் துடிப்பை நம்பித்
தனியே ஓடியிருக்கிறது.

தீச்சுவரில் அந்த வாசலை அடைத்தது யார்?
தேடினேன்.
வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்து,
என் பெயர்.
காரணம் என்ற இடத்தில்: பாதுகாப்பு.

திறந்துவிட்டேன்.
கடிகாரம் பின்னால் குதிக்கவில்லை.
எந்த நொடியும் இருமுறை வராதபடி
நடையை மட்டும் தளர்த்துகிறது,
முன்னால் போனவன்
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல.

எண்பத்திரண்டில் இந்தத் தீவு
அரை மணியை ஒரே வாயில் விழுங்கியது.
ஏழு மணிக்கும் இன்னும் இருட்டு.

முதல் ரயிலுக்குமுன் நான்கும் கரைந்தன.
நடைவழியில் கோப்பி இயந்திரம்
பதினொன்று இருபது என்கிறது, எப்போதும்போல.
அதை யாரும் நம்புவதில்லை.
கோப்பி-ஓ மட்டும் சூடாக வந்தது.