வேஷம் ஆறு மணி வரை

கானாடுகாத்தானில் வண்டியை நிறுத்தியதும்
மாரெட் கேட்டது ஊரின் வயதை அல்ல.
"இங்கே யார் குடியிருக்கிறார்கள்?"

என்னிடம் பாதி இங்கிலீஷ், அவளிடம் பாதி.
சொன்னேன்:
இந்த வீட்டுக்கு முப்பத்தாறு பங்கு.
ஆறு பேர் சிங்கப்பூர், ஒருவர் மெல்போர்ன்,
இரண்டு பேர் கோர்ட்டில்.
மிச்சப் பேர் கல்யாணம் என்றால் வருவார்கள்.
மற்ற நாளெல்லாம் பொன்னழகு மட்டும்,
சாவிக்கொத்தோடு.
அவளுக்கும் ரேஷன் கார்டு வேறு விலாசத்தில்.

அவள் ஊர் தாலின்.
எஸ்தோனியாவின் தலைநகர்; நான் கேள்விப்பட்டதில்லை.
போனில் காட்டினாள்:
கோட்டைச் சுவர்,
கூம்புத் தொப்பி போட்ட காவல் கோபுரங்கள்,
சிவப்பு ஓடு, உருளைக்கல் பாவிய வீதி,
நேற்றுக் கழுவித் துடைத்தது போல.
அங்கே சுவரில் ஓர் ஆணி அடிக்கவும்
நகரசபையைக் கேட்க வேண்டுமாம்.
இங்கே ஆணி அடிக்க
முப்பத்தாறு பேரைக் கேட்கணும் என்றேன்.
அதில் ஒருவர் மெல்போர்னில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"இதில் உங்கள் வீடு எது?"

படங்களைத் தள்ளினாள், தள்ளினாள்,
கோபுரங்கள் தீர்ந்தன,
டிராம் கம்பி வந்தது,
பிறகு ஒன்பது மாடி, சாம்பல் நிறம்,
அப்படியே நம்ம ஹவுசிங் போர்டு.
"ஏழாவது" என்றாள்.

தினமும் டிராம் ஏறிக் கோட்டைக்குள் போய்
துணிக் குல்லாய், தரை புரளும் பாவாடை,
செப்புச் சட்டியில் சர்க்கரையும் பட்டையும் சேர்த்துப்
பாதாம்பருப்பைப் புரட்டி
"வாருங்கள் பிரபுவே" என்று விற்கிறாளாம்.
குளிருக்குப் பாவாடைக்குள் ஜீன்ஸ்.
ஆறு மணிக்கு எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவிட்டு
மறுபடி டிராம்.
அந்த ஆணியை யார் அனுமதித்தது
என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்குத் தலை அரித்தது.

ஓட்டலில் கொடுத்த தலைப்பாகை.
சிவப்பு, ஜரிகை, மயிலிறகு மாதிரி ஏதோ ஒன்று.
இந்த வீதியில்
கல்யாண பேண்டுக்காரர்களைத் தவிர
யாரும் இதைக் கட்டி நான் பார்த்ததில்லை.
எங்க அப்பா இங்கே லாரியிலிருந்து
மூட்டை இறக்கியவர். அவர் தலையில் கட்டியது துண்டு,
அதுவும் சுமைக்கு.

கழற்றி அவளிடம் கொடுத்தேன்.
உள்பக்கம் திருப்பினாள்.
எலாஸ்டிக்கை இழுத்தாள், விட்டாள்,
இழுத்தாள்.
"என் குல்லாயிலும் இதுதான்."

வளவுக்குள் போனோம்.
தேக்குத் தூணுக்கும் தேக்குத் தூணுக்கும் நடுவே
நைலான் கயிறு.
ஈரத்துணி சொட்டிச் சொட்டி
பளிங்குத் தரையில் ஒரு சின்னக் குளம்.
மேலே பார்த்தால் பெல்ஜியம் கண்ணாடி,
நீலம், மஞ்சள்.
மாரெட் அதையெல்லாம் விட்டுவிட்டு
கொடிக்கு நேரே போனைத் தூக்கினாள்.

"சாத்தையா,
உள்பாவாடையப் படம் எடுக்காதேன்னு சொல்லு அந்தப் புள்ளையை"
என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

சொன்னேன்.
போனைப் பைக்குள் போட்டாள், காது சிவந்துவிட்டது.
அவர்கள் கோட்டைக்குள்
ஒரு துணிக்கொடியைப் பார்த்துப் பல வருஷமாம்.

பொன்னழகு கையைத் துடைத்தபடி வந்தாள்.
"அப்ப எங்கெ காயப் போடுவாக?"

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
மாரெட்டுக்கு அதைவிட அதிகம்.
மூலையில் ஒரு கைக்குட்டை நழுவி விழுந்திருந்தது;
குனிந்து எடுத்து, பிழிந்து,
க்ளிப் தேடி மாட்டினாள்.
"ஏழாவது மாடியில்" என்றாள்,
கொடியைப் பார்த்துக்கொண்டே.

திரும்பும்போது மழை பிடித்தது.
வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.
தலைப்பாகை அவள் மடியிலேயே இருந்தது,
கோயில் பிரசாதம் போலவும் இல்லை,
வேண்டாத சாமான் போலவும் இல்லை.

ஓட்டல் வாசலில் மேனேஜர் குடையோடு நின்றார்.
அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள்
முன்னால் சாய்ந்து
அவளே என் தலையில் மாட்டிவிட்டாள்,
காதுக்கு மேல் சரிசெய்து,
தொழில் தெரிந்த கை.

கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஐந்தரை.

"இன்னும் அரை மணி நேரம்"
என்றாள், இறங்கும்போது.